பூச்சியமாகும் இடம் ஒன்றானால் வகுபடுமா?

எக்ஸ் சய ஏ பூச்சியமாகும் இடத்தில் ஒரு பல்லுறுப்பியும் பூச்சியமானால், அது எக்ஸ் சய ஏயால் வகுபடும் என்பது காரணித் தேற்றம். அது இரண்டு மாறிகளிலும் செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. அப்புத்தளையில் உயர்தரம் படிக்கும்போதே இது தோன்றியது பெரிய விஷயம்.

பொதுவாகச் செல்லாது. எக்ஸ் வர்க்கம் சக வை வர்க்கம் உற்பத்திப் புள்ளியில், அதாவது எக்ஸும் வையும் பூச்சியமான இடத்தில், மட்டுமே பூச்சியம். எக்ஸும் அங்கே பூச்சியம்தான், ஆனால் எக்ஸ் அந்தக் கோவையால் வகுபடாது.

லாப்பிளாசின் சமன்பாட்டுக்கு அடங்கும், அதாவது எக்ஸிலும் வையிலும் எடுத்த இரண்டாம் பெறுதிகளின் கூட்டுத்தொகை பூச்சியமாகும், இசைப் பல்லுறுப்பி என்றால் கதை வேறு. உங்கள் ஊர்க் கணவாயில் நின்று பாருங்கள். இரண்டு பக்கம் மலை ஏறும், இரண்டு பக்கம் தேயிலைச் சரிவு இறங்கும். நிற்கும் உயரத்தின் சமவுயரக் கோடுகள் காலடியில் வெட்டிக்கொள்ளும். எக்ஸ் வர்க்கம் சய வை வர்க்கமும் அப்படித்தான்: செங்கோணத்தில் வெட்டும் இரண்டு நேர்கோடுகளில் பூச்சியம்.

காரணம், ஒரு புள்ளியில் இசைச் சார்பின் பெறுமானம், அதைச் சுற்றியுள்ள வட்டத்தில் அது எடுக்கும் பெறுமானங்களின் சராசரி. ஆகவே பூச்சியமாகும் புள்ளியின் அருகே நேர்ப் பெறுமானமும் மறைப் பெறுமானமும் சேர்ந்தே இருக்கும். பிரெலோ, ஷோக்கே என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் இருவரும் இன்னும் ஆழமாகப் போனார்கள்: எங்கும் மறைப் பெறுமானம் எடுக்காத பல்லுறுப்பி, மாறிலியைத் தவிர, இசைப் பல்லுறுப்பிக்குக் காரணியாகாது. அப்படியென்றால் வர்க்கக் காரணியும் இல்லை, ஒவ்வொரு காரணியும் குறி மாறும். அதனால் இசைப் பல்லுறுப்பி பூச்சியமாகும் எல்லா இடத்திலும் பூச்சியமாகும் வேறொரு பல்லுறுப்பி, அந்த இசைப் பல்லுறுப்பியால் வகுபட்டே தீரும்.

எக்ஸ் சக ஐ வை என்பதன் 3ஆம் அடுக்கை எடுங்கள்; ஐ என்பது சய ஒன்றின் வர்க்கமூலம். கற்பனைப் பகுதி 60 பாகை இடைவெளியில் 3 கோடுகளில் பூச்சியம். 6ஆம் அடுக்கில் 30 பாகைக்கு ஒன்று, பழைய 3 கோடுகளும் அதில் உண்டு, ஆகவே அதன் கற்பனைப் பகுதி 3ஆம் அடுக்கின் கற்பனைப் பகுதியால் வகுபடும். 4ஆம் அடுக்கில் 45 பாகைக்கு ஒன்று, 60 பாகைக் கோடு அதில் இல்லை, ஆகவே வகுபடாது.

அப்புறம் லெஜாந்தர் பல்லுறுப்பிகள்: லாப்பிளாசின் சமன்பாட்டைக் கோளத்தில் தீர்க்கும்போது வரும் ஒரு மாறிப் பல்லுறுப்பிகள். ஒற்றைப் படியில் எக்ஸை வெளியே எடுத்துவிட்டால் அவை விகிதமுறு எண்கள்மேல் மேலும் காரணிப்படா என்று 1890இல் கணிதவியலாளர் ஸ்டில்ட்ஜெஸ் ஊகித்தார். இன்னும் யாரும் முழுதாக நிறுவவில்லை.