தார் போட்ட வாழையில்தான் தண்டு: வாசகர் கேள்வி பதில்

வாழை மரமே அல்ல என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்ததாக என் மகள் வாதிடுகிறாள். கூரையைத் தாண்டி வளர்ந்து, அத்தனை எடையுள்ள தாரைச் சுமந்து நிற்பதைச் செடி என்று எப்படி ஏற்பது?
*(வாசகி, திருவையாறு)*

மகள் சொல்வதே சரி. மரத்தின் தண்டில் ஆண்டுக்காண்டு கட்டை சேர்ந்து தடிக்கும். வாழையிலோ எந்தப் பகுதியிலும் கட்டை உண்டாவதில்லை. அடிமரமாக நமக்குத் தோன்றுவது, ஒன்றையொன்று இறுகச் சுற்றியிருக்கும் இலையடிகளின் தொகுப்பே ஆகும். பூத்தொடுக்க நார் உரிக்கிறோமே, அந்த வாழைப்பட்டை ஒவ்வொன்றும் ஓர் இலையின் அடிப்பகுதி. அதைக் குறுக்கே நறுக்கிப் பார்த்தால் உள்ளே சிறு சிறு காற்றறைகள் வரிசையாகத் தெரியும். பட்டைகளில் நிறைந்துள்ள நீரும், ஊடே ஓடும் நார்களும் சேர்ந்துதான் செடியை நிமிர்த்தி வைக்கின்றன என்பதால், பலத்த காற்றடித்தால் தார் போட்ட வாழை முறிந்து விழுகிறது; முட்டுக் கொடுப்பதும் அதற்காகத்தான்.

உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. பூக்கும் பருவம் வரும் வரை வளர்நுனி தரைமட்டத்தை ஒட்டியே தங்கிவிட, அங்கு பிறக்கும் இலைகள் மட்டும் சுருண்ட குருத்தாக நடுவழியே மேலேறி வந்து விரிகின்றன. இளங்கன்று ஒன்றைத் தரைக்கு ஒரு சாண் மேலே வெட்டிவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள்; வெட்டுப்பரப்பின் நடுவே குருத்து மட்டும் தலை நீட்டியிருக்கும். பருவம் வந்ததும் அதே வளர்நுனி பூங்கொத்தாக மாறுகிறது. அதைத் தாங்கிய தண்டு பட்டைகளின் நடுவே நீண்டு வளர்ந்து உச்சியில் வெளிப்படுகிறது. நாம் பொரியல் செய்யும் வாழைத்தண்டு இதுதான். பூக்காத வாழையை வெட்டினால் பட்டையும் குருத்தும் தவிர வேறொன்றும் கிடைக்காது.

தார் வெட்டிய வாழையை அப்படியே விட்டுவைத்தால் மறுபடி காய்க்குமா?
*(வாசகர், தேனி)*

காய்க்காது. இலைகளைத் தோற்றுவித்த வளர்நுனியே பூவாகிவிட்டதால், அந்தத் தண்டு மேற்கொண்டு வளர வழியில்லை. கிழங்கின் பக்க மொட்டுகளிலிருந்து எழும் கன்றுகள்தான் அடுத்த தலைமுறை. அவற்றில் குறுகிய, ஈட்டி போன்ற இலைகளுடன் வருபவை தாய்க்கிழங்கோடு உறுதியாக இணைந்தவை; அகன்ற இலைகளைச் சீக்கிரமே விரித்துவிடும் நீர்க்கன்றுகளுக்கு அந்தப் பிடிப்பு குறைவு. பார்வைக்குச் செழிப்பாக இருக்கிறது என்று வீட்டுத் தோட்டங்களில் பலரும் நீர்க்கன்றையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஈட்டிக்கன்று ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்குவதே நல்லது.

வாழைப்பூவை ஒடித்தால் காய்ப்புக் குறையாதா? ஆயும்போது நாம் எடுத்தெறியும் கள்ளன் என்பது பூவின் எந்த உறுப்பு?
*(வாசகி, மதுரை)*

குறையாது. ஒவ்வொரு மடலுக்கு அடியிலும் பூக்கள் வரிசையாக அமைந்திருக்கும். முதலில் விரியும் மடல்களுக்குள் இருப்பவை பெண்பூக்கள். ஒரு மடலின் பூக்கள் ஒரு சீப்பாகும். சீப்புகள் முடிந்தபின் நுனியில் எஞ்சி நிற்பவை ஆண்பூக்கள், அவை எத்தனை நாள் தொங்கினாலும் காயாவதில்லை. எனவே கடைசிச் சீப்பு வெளிவந்தபின் பூவை ஒடிப்பதில் இழப்பு ஏதுமில்லை, கூட்டுக்கோ வடைக்கோ ஆகும்.

ஒரு பூவைப் பிரித்தால் ஐந்து மகரந்தத் தாள்களும், அவற்றின் நடுவே உருண்டைத் தலையுடன் விறைப்பான ஒரு குச்சியும் இருக்கும். சூல்முடியைத் தாங்கிய அந்தச் சூல்தண்டுதான் கள்ளன். எவ்வளவு வேகவைத்தாலும் அது மசியாது. கூடவே கிள்ளி எறியும் கண்ணாடி போன்ற செதில், மற்றவற்றோடு ஒட்டாமல் தனித்து நிற்கும் ஓர் இதழ். மீதி ஐந்து இதழ்களும் ஒரே குழலாக இணைந்துவிடுகின்றன.

எங்கள் கற்பூரவல்லிப் பழங்களில் மிளகு போலக் கடினமான விதைகள் வருகின்றன. இது நோயா?
*(வாசகர், லால்குடி)*

நோயல்ல. நாம் பயிரிடும் வாழைகள் மூசா அக்குமினாட்டா, மூசா பால்பிசியானா என்னும் இரண்டு காட்டினங்களின் வழிவந்தவை. காட்டு வாழையில் 11 குரோமோசோம்கள் கொண்ட தொகுதிகள் இரண்டு இருக்கும். பழம் முழுக்க விதையாகவே இருக்கும். பூவன், ரஸ்தாளி, நேந்திரன், செவ்வாழை, கற்பூரவல்லி ஆகியவற்றில் மூன்று தொகுதிகள், அதாவது 33 குரோமோசோம்கள் உள்ளன. மூன்றைச் சமமாகப் பங்கிட முடியாததால் விதை உருவாவது அரிதாகிறது. மகரந்தச் சேர்க்கை நடக்காமலேயே சதை திரளும் இயல்பும் இவற்றுக்கு உண்டு. (கன்னியாகுமரி மட்டிக்கு இரண்டே தொகுதிகள், இருந்தும் விதையில்லை, ஆகவே எண்ணிக்கை ஒன்றே காரணம் என்று கொள்ள முடியாது.) பழத்தின் நடுவே தெரியும் கரும்புள்ளிகள், வளராமல் நின்றுபோன சூல்கள்.

கற்பூரவல்லியில் அந்தத் தடை முழுமையானதல்ல. வீரியமுள்ள மகரந்தம் கொண்ட வேறொரு வாழை அருகில் இருந்து, இரவில் தேனுக்கு வரும் வௌவால் அதைக் கொண்டுவந்து சேர்த்தால் சில சூல்கள் விதையாகிவிடும். பழத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம், பல்லுக்கு மட்டும் எச்சரிக்கை தேவை. அந்த விதை முளைத்தாலும் தாயின் குணம் அப்படியே வராது என்பதால், நடுவதற்குக் கன்றையே எடுங்கள்.