எக்ஸ்ரேயில் தெரியாத இடுப்பு எலும்பு முறிவு
அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து மூன்று நாளாகியும் காலை ஊன்ற முடியவில்லை, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அவரை நடக்கவிடாதீர்கள். விலகாத விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். பாரம் ஏறினால் எலும்பு விலகிவிடலாம், பிறகு இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டி வரலாம்.

என் பெரியம்மாவுக்கும் இப்படித்தான். தொடை இடுக்கில் வலி; படுத்தபடி குதிகாலை மெத்தையிலிருந்து தூக்க முடியவில்லை. காந்தத்தைக் கொண்டு உடலின் உள்ளே படமெடுக்கும் எம்.ஆர்.ஐ.யில், தொடை எலும்பின் கழுத்தில் (இடுப்பு மூட்டை ஒட்டிய குறுகிய பகுதியில்) மெல்லிய கறுப்புக் கோடு ஓடியது.

இன்றே எலும்பு மருத்துவரிடம் எம்.ஆர்.ஐ. கேளுங்கள். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பும் முதலில் அதையே சொல்கிறது. 24 மணி நேரத்துக்குள் கிடைக்காவிட்டால் சி.டி. ஸ்கேன். எம்.ஆர்.ஐ.யில் காந்தம் இருப்பதால், அம்மாவுக்கு பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.