வேதிச் சமன்பாட்டை மனப்பாடம் செய்ய வைக்காதீங்க, எடை போட்டுப் பார்க்கச் சொல்லுங்க

"வேதிச் சமன்பாடுகளையும் வினை வகைகளையும் பிள்ளைகள் மறக்காமல் மனப்பாடம் செய்ய எளிய வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிறது, பரீட்சை நெருங்குகிறது, ராத்திரி உட்கார்ந்து ஒரே சமன்பாட்டைத் திரும்பத் திரும்ப எழுதிவிட்டுக் காலையில் மறந்துபோய் நிற்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். மனப்பாடம் என்று பார்த்ததும் என்னால் பேசாமல் கடந்துபோக முடியவில்லை. வழி உண்டு, ஆனால் அது மனப்பாடம் இல்லை.

நான் ஆசிரியர் இல்லை. அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். என் தாத்தா சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தவர், அதனால் நான் முதலில் பார்த்த வேதிவினை புத்தகத்தில் வந்தது இல்லை. சுண்ணாம்புக் கல் ஒரு அடுக்கு, கரி ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டுத் தீ வைப்பார்கள். வெந்து ஆறியதும் பார்த்தால் கல் கல்லாகவேதான் இருக்கும், கையில் எடுத்தால்தான் லேசாகிப் போனது தெரியும். "நூறு எடை கல்லு போட்டா அம்பத்தஞ்சு, அறுபது தேறும் பாப்பா, மிச்சம் போயிரும்" என்பார் தாத்தா. எங்கே தாத்தா போகும் என்றால், "அது நெருப்புக்குக் கூலி" என்பார்.

பள்ளியில் டீச்சர் அதையேதான் பலகையில் எழுதினார்: கால்சியம் கார்பனேட் (அந்தக் கல்) → கால்சியம் ஆக்சைடு (சுட்ட சுண்ணாம்பு) + கார்பன் டை ஆக்சைடு. பக்கத்தில் 'சிதைவு வினை'. எல்லாரும் எழுதிக்கொண்டோம், அடுத்த வரிக்குப் போய்விட்டார். ஆனால் புத்தகத்தின் பின்னால் அணு நிறை அட்டவணை இருந்தது. கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் 16. கால்சியம் கார்பனேட்டில் கால்சியம் ஒன்று, கார்பன் ஒன்று, ஆக்சிஜன் மூன்று, கூட்டினால் 100. சுட்ட சுண்ணாம்பில் கால்சியம் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று, ஆக 56. வெளியே போகும் வாயு 44. நூறு எடை கல்லுக்கு 56 எடை சுண்ணாம்பு! தாத்தா ஆயுசு பூராவும் தராசில் பார்த்த கணக்கு அந்த ஒரு வரிக்குள் இருந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அது கூலி இல்ல, கல்லுக்குள்ளயே இருந்ததா?" என்று கேட்டார். ஆமாம், அதேதான். பள்ளிக்கூடம் போகாத ஒரு மனுஷன் கேட்ட அந்தக் கேள்விதான் வேதியியல்.

இது சின்ன விஷயம் இல்லை. சுண்ணாம்பைச் சுடும்போது நெருப்பு ஏதோ கல்லுக்குள் ஏறிக்கொள்கிறது, அதனால்தான் அது தோலைப் புண்ணாக்குகிறது என்றுதான் ஐரோப்பாவின் படித்தவர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். ஸ்காட்லாந்து மருத்துவர் ஜோசப் பிளாக் எடை போட்டுப் பார்த்து, ஏறவில்லை, ஒரு வாயு வெளியேறுகிறது என்று காட்டி 1756இல் எழுதினார். அவர் தேடியது சிறுநீர்ப்பைக் கல்லுக்கு மருந்து, கிடைத்தது கார்பன் டை ஆக்சைடு. கையில் இருந்த பெரிய கருவி ஒரு தராசு.

அந்தச் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றி நீற்றினால் கொதித்துப் பொங்கும். கால்சியம் ஆக்சைடு + நீர் → கால்சியம் ஹைட்ராக்சைடு, 56உம் 18உம் சேர்ந்து 74. இது சேர்க்கை வினை, வெப்பத்தைக் கக்கும் வினையும்கூட. (இதைப் பார்க்க ஆசைப்பட்டு வீட்டில் செய்துவிடாதீர்கள். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், எங்கள் ஊரில் நடந்திருக்கிறது.) அதைக் கரைத்துச் சுவரில் அடித்தால் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு, தண்ணீரை விட்டுவிட்டு, மறுபடி கால்சியம் கார்பனேட்டாகவே இறுகுகிறது. 74 + 44 இந்தப் பக்கம், 100 + 18 அந்தப் பக்கம். வெள்ளையடித்து ரெண்டு மூன்று நாளில் சுவருக்கு ஒரு பளபளப்பு வருவது இதனால்தான். காளவாயில் போன வாயுவின் கணக்கு சுவரில் நேராகிறது.

இப்போது என் வேலையிலும் இதே கணக்குதான். சுரங்கத்திலிருந்து வரும் கல்லைப் பொடித்து, எடை போட்டு, மஃபிள் ஃபர்னஸ் என்ற மூடிய உலையில் 950 டிகிரி அளவில் வைத்து, மறுபடி எடை போடுவோம். கல் சுத்தமாக இருந்தால் இழப்பு 44 சதவீதத்தை நெருங்கும், களிமண் கலந்திருந்தால் குறையும். சிமெண்ட் தொழில் வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவது இல்லை, இந்தக் கல்லிலிருந்தே வருவது. ஒரு வரிச் சமன்பாட்டைப் புரிந்துகொண்டால் இவ்வளவு தூரம் போகலாம்.

"மார்க்குக்கு வழி கேட்டால் தாத்தா கதை சொல்கிறார்" என்று யாராவது எழுதுவார்கள், எனக்குத் தெரியும். மார்க் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆசிரியர்களையும் குறை சொல்லவில்லை, அத்தனை பாடத்தை அத்தனை நாளில் முடிக்க வேண்டியது அவர்கள்தான். ஆனால் சமன்பாட்டைப் பெயரால் வாசிக்கப் பழகாத பிள்ளைக்குக் குறியீடு வெறும் எழுத்துக் கூட்டம். அதனால்தான் நான் இங்கே குறியீடே போடவில்லை. முதலில் எது உள்ளே போனது, எது வெளியே வந்தது என்று வாயால் சொல்லட்டும், அப்புறம் எழுதட்டும்.

வகைகளும் அப்படித்தான். பல பொருள் போய் ஒன்று வந்தால் சேர்க்கை, ஒன்று போய்ப் பல வந்தால் சிதைவு. காப்பர் சல்பேட் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் நீலம் வெளிறிப் பச்சையாகும், ஆணி மேல் செம்பு படியும். இரும்பு செம்பை வெளியே தள்ளிவிட்டது, ஒற்றை இடப்பெயர்ச்சி. பேரியம் குளோரைடு கரைசலும் சோடியம் சல்பேட் கரைசலும் ஜோடி மாற்றிக்கொண்டு வெள்ளை வீழ்படிவு (கரையாமல் படியும் பொருள்) விழுந்தால் இரட்டை இடப்பெயர்ச்சி. இதுவரை எந்த கைடிலும் இருக்கும். ஆனால் செம்புக் கம்பியை ஃபெரஸ் சல்பேட் (இரும்பின் சல்பேட்) கரைசலில் போட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, செம்பால் இரும்பைத் தள்ள முடியாது. சமன்பாட்டின் வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை அதற்கும் அழகாக ஒரு சமன்பாடு எழுதிவைக்கும். அதே மாதிரி, மேலே சொன்ன சுவர் வினை இந்த நாலில் எதிலுமே ஒழுங்காக உட்காராது, அது கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற காரமும் கார்பன் டை ஆக்சைடு என்ற அமில ஆக்சைடும் சேரும் வினை. மெக்னீசியம் எரிவதோ சேர்க்கையும்தான், எரிதலும்தான். வகை என்பது நாம் வசதிக்கு ஒட்டிய சீட்டு, அதற்காகப் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தேன் என்று சொன்னால் இன்றைக்கும் முதலில் வரும் கேள்வி, "ஏன், இன்ஜினியரிங் கிடைக்கலையா?" கிடைத்தது, நான்தான் போகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள்கூட இதைக் கேட்டார்கள். குடிக்கிற தண்ணீர், சாப்பிடுகிற மாத்திரை, வீட்டுக்குப் போடுகிற சிமெண்ட் எல்லாவற்றையும் யாரோ ஒரு கெமிஸ்ட் சோதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவருக்கு என்ன சம்பளம், ஒப்பந்தமா நிரந்தரமா என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்றால் கெமிஸ்ட்ரி வேண்டாம் என்று பெற்றவர்களே சொல்கிறார்கள். எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

சரி, சமன் செய்வதற்கு, அதாவது ரெண்டு பக்கமும் அணுக்களின் எண்ணிக்கை ஒத்துவரச் செய்வதற்கு வருகிறேன், பிள்ளைகள் அழுவது அங்கேதான். சமையல் கேஸில் இருக்கும் புரொப்பேனை எடுங்கள், ஒரு மூலக்கூறில் கார்பன் 3, ஹைட்ரஜன் 8. எரிந்தால் வருவது கார்பன் டை ஆக்சைடும் நீரும். கார்பன் 3 இருப்பதால் கார்பன் டை ஆக்சைடு 3. நீரில் ஹைட்ரஜன் ரெண்டு ரெண்டாக இருக்கிறது, 8க்கு நீர் 4. இப்போது வலது பக்கம் ஆக்சிஜன் அணுக்கள் ஆறும் நாலும் பத்து, காற்றில் ஆக்சிஜன் ஜோடியாகத்தான் இருக்கும், ஆக 5 மூலக்கூறு. முடிந்தது. எரிதல் வினையில் தனியாக நிற்கும் ஆக்சிஜனைக் கடைசிக்கு வைத்தால் பாதித் தலைவலி போய்விடும். முன்னால் போடும் எண்ணை மட்டும்தான் மாற்றலாம், குறியீட்டின் காலில் இருக்கும் சின்ன எண்ணைத் தொடக்கூடாது. தொட்டால் பொருளே மாறிவிடும், நீரில் ஒரு ஆக்சிஜனைக் கூட்டினால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு.

அந்த 5 கிடைக்காமல், காற்றுப் போதாமல் எரிந்தால் தீ மஞ்சளாகும், பாத்திரத்தின் அடி கரி பிடிக்கும், கார்பன் மோனாக்சைடும் வரலாம். இதைப் பிள்ளையிடம் அடுப்பைக் காட்டியே கேளுங்கள். லெட் நைட்ரேட் சிதைவில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், உங்கள் வீட்டிலும் அதுதான் சிக்கல் என்றால் கீழே எழுதுங்கள், படிப்படியாகப் போட்டுக் காட்டுகிறேன்.