ஆவி பிடிக்கும் கருவி: கம்பி வகையா, தட்டு வகையா? கேள்வி பதில்

மார்கழிப் பனி விலகுவதற்குள் சம்பா அறுப்பு மிஷின் தூசி வந்துவிடும். மூக்கடைப்பு இல்லாத வீடு அந்த இரண்டு மாதத்தில் கிடையாது. வேப்பரைசர், அதாவது மின்சாரத்தில் ஆவி பிடிக்கும் கருவி பற்றி வந்த கேள்விகளுக்கு, வீட்டு மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பவரின் பதில்கள் கீழே.

மன்னார்குடி: அண்ணே, மெடிக்கலில் ரெண்டு காட்டுறாங்க. ஒண்ணு 250 ரூபாய், இன்னொண்ணு 900. ரெண்டும் பிளாஸ்டிக்தான், ரெண்டும் ஆவிதான் விடுது. எதுக்கு 650 ரூபாய் கூடக் கொடுக்கணும்?

மலிவானதன் மூடியைத் திருகி எடுத்துப் பாருங்க. அடியில் ஒரு கருப்புக் குழாய் தொங்கும். அதற்குள் சீப்பின் இரண்டு பல் மாதிரி இரண்டு கம்பி, நடுவில் சின்ன இடைவெளி. ஹீட்டர் என்று எதுவுமே கிடையாது. கம்பிக்குக் கம்பி மின்சாரம் தண்ணீர் வழியாகவே ஓடுகிறது, அந்த ஓட்டத்தில் தண்ணீரே சூடாகிறது. விலை கூடியதில் அடியில் உலோகத் தட்டு இருக்கும், அதற்குக் கீழே ஹீட்டர். தண்ணீரை மின்சாரம் தொடுவதே இல்லை.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. கம்பி வகையில் பிளக் செருகியிருக்கும்வரை உள்ளே இருக்கும் தண்ணீருக்கும் கரண்ட் உண்டு. சூடு பார்க்க விரலை விடுவது, ஓடும்போதே மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுவது, இரண்டும் ஷாக் வாங்கும் வேலை. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றால் கேட்கவே வேண்டாம். இரண்டாவது, அது வேலை செய்வதும் செய்யாததும் உங்கள் ஊர்த் தண்ணீரின் கையில் இருக்கிறது. தட்டு வகைக்கு எந்தத் தண்ணீரும் ஒன்றுதான்.

கம்பி வகையிலும் ஒரு நல்ல குணம் உண்டு. தண்ணீர் கம்பிக்குக் கீழே இறங்கிவிட்டால் மின்பாதை அறுந்து தானாக நின்றுவிடும், கருகாது. தட்டு வகையில் அந்த வேலையைத் தெர்மோஸ்டாட், அதாவது சூடு மிஞ்சினால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச், செய்யணும். அட்டைப் பெட்டியில் ஆட்டோ கட்-ஆஃப் என்று போடாததை 900 கொடுத்தும் வாங்காதீங்க.

வேதாரண்யம்: கம்பி வகைதான் இருக்கு. சுவிட்ச் போட்ட ஒரு நிமிஷத்துல பொங்கி வெளியே தெறிக்குது, சில நாள் ட்ரிப் ஆயிடுது. மிஷின் கோளாறா?

மிஷின் சரியாகத்தான் இருக்கு, உங்க போர் தண்ணீர்தான் உப்பு. உப்பு ஏற ஏற தண்ணீர் கூடுதலாக மின்சாரம் கடத்தும், கரண்ட் இழுப்பு கூடும், கொதி எல்லை மீறும். தெறிப்பது ஆவி இல்லை, கொதிதண்ணீர். முகத்தில் பட்டால் கொப்புளம்.

குடிக்க வாங்கும் கேன் தண்ணீர் மூன்று பங்கு, போர் தண்ணீர் ஒரு பங்கு கலந்து பாருங்க. இன்னும் தெறித்தால் போர் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வாங்க. அளவுக்கோடு இருந்தால் அதற்கு ஒரு விரல் கீழேயே நிறுத்துங்க. கடலோரத்தில் புதிதாக வாங்குபவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: தட்டு வகை.

கும்பகோணம்: எங்களுக்கு நேர் எதிர். பத்து நிமிஷம் ஆனாலும் தண்ணி வெதுவெதுன்னே இருக்கு. வீட்ல ஆர்ஓ தண்ணிதான்.

ஆர்ஓவில் உப்பு கழிந்துவிடுகிறது, கரண்ட் ஓட வழி இல்லை. கடைக்காரர் கல் உப்பு போடச் சொல்லியிருப்பார். வீட்டில் கை தாராளம், அங்கேதான் தப்பு. ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு விரல் நுனியில் ஒட்டும் தூள் உப்பு போதும். பிளக்கைக் கழற்றிவிட்டுப் போடணும், கலக்கணும், பிறகுதான் செருகணும். உப்பே வேண்டாம் என்றால் பாதி குழாய்த் தண்ணீர் கலந்துகொள்ளலாம்.

திருவையாறு: வாய்க்கால் கரையில் நொச்சி கொட்டிக் கிடக்கு. தழையை மிஷினுக்குள்ளேயே போடலாமா சார்?

இரண்டு வகையிலும் கூடாது. கம்பி வகையில் தழைச்சாறு இறங்கினால் நுரைத்துப் பொங்கும், துணுக்கு கம்பி இடுக்கில் சிக்கும். தட்டு வகையில் தட்டோடு ஒட்டித் தீயும், அடுத்த நாள் ஆவியில் தீய்ந்த வாடைதான் வரும். மஞ்சள் தூளுக்கும் இதே பதில். நீலகிரித் தைலத்தைத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதந்து பிளாஸ்டிக்கைத் தாக்கும். நாளாவட்டத்தில் விரிசல் விடும். ஆவி வெளியேறும் வாயில் சின்னக் குழி இருக்கும், மருந்து வைக்க. அங்கே பஞ்சில் இரண்டு சொட்டு வைத்தால் போதும்.

நொச்சி வேண்டும் என்றால் பாட்டி முறைதான் சரி. இரண்டு கைப்பிடி தழையைக் கசக்கி, அகலமான பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீரோடு மூடி போட்டுக் கொதிக்கவிடுங்க. மூடாமல் கொதித்தால் வாசனை எல்லாம் அடுக்களைக்குத்தான். அடுப்பிலிருந்து இறக்கி, ஆடாத மேஜை மேல் வைத்து, இரண்டு நிமிடம் கழித்துக் குனியுங்க. முகத்துக்கும் பாத்திரத்துக்கும் ஒரு முழமாவது இடைவெளி இருக்கணும். கம்பளியை மூடிக்கொண்டு தரையில் பானையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொள்வதுதான் தொடை வெந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி.

பாபநாசம்: ஒண்ணரை வயசுப் பிள்ளைக்கு கற்பூரம் போட்டு பிடிக்கலாமா?

வேண்டவே வேண்டாம் தங்கச்சி. கற்பூரம் அந்த வயதில் வலிப்பு வரை கொண்டுபோகும். தைலமும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மடியில் வைத்து ஆவி காட்டுவதும் கூடாது. மூக்கடைப்புக்கு மெடிக்கலில் சலைன் (சுத்தமான உப்புநீர்) சொட்டு மருந்து கிடைக்கும். மூச்சு இழுத்து இழுத்து விட்டால் உடனே டாக்டரிடம் போங்க.

நாகப்பட்டினம்: அம்மாவுக்கு ஆஸ்துமா. வேப்பரைசர் வாங்கவா, நெபுலைசர் வாங்கவா? நெபுலைசரில் துளசிச் சாறு விட்டால் நல்லதுன்னு சொல்றாங்க ஐயா.

இரண்டும் ஒரே சாமான் இல்லை. ஆவி மூக்கையும் தொண்டையையும் நனைக்கும், அடைப்பு கொஞ்ச நேரம் இளகும், அவ்வளவுதான். கிருமியைக் கொல்லாது, ஆஸ்துமாவை நிறுத்தாது. சிலருக்குச் சூடான ஆவியே இருமலைக் கிளப்பிவிடும். நெபுலைசர் மருந்தை 1 முதல் 5 மைக்ரான் அளவுத் துளியாக்கி நுரையீரல் ஆழம்வரை அனுப்புகிறது. அதனால்தான் அதில் டாக்டர் எழுதிய மருந்தும் சுத்தமான சலைனும் தவிர வேறெதுவும் போகக்கூடாது. துளசிச் சாறு, கஷாயம், தைலம் எல்லாம் நேரே நுரையீரலில் போய் உட்காரும்.

நெபுலைசரில் கம்ப்ரசர் வகை, அதாவது காற்றை அழுத்தி ஓடுவது, சத்தம் போடும், ஆனால் உழைக்கும். காற்று ஃபில்டர் சாம்பல் நிறமானதும் மாற்றணும். மெஷ் வகை கையடக்கம், பேட்டரியில் ஓடும், கரண்ட் இல்லாத ராத்திரிக்கு உதவும். அதன் சல்லடைத் துளைகள் நுண்ணியவை, ஒவ்வொரு தடவையும் கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும். ஆஸ்துமாவுக்குத் தரும் பியூடெசொனைட் மாதிரிக் கலங்கல் மருந்து என்றால் எந்தக் கருவி என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்க. வீட்டில் தினம் போடுகிறவர் என்றால் நான் கம்ப்ரசரைத்தான் சொல்வேன்.

திருவாரூர்: மச்சான் வெளிநாட்டிலிருந்து வர்றார். ட்ரை ஹெர்ப் வேப்பரைசர்னு ஒண்ணு இருக்காம். காய்ந்த துளசி, தூதுவளையைப் போட்டு இழுக்கலாமாம். வாங்கிட்டு வரச் சொல்லவா?

சொல்லாதீங்க. பெயர் ஒன்றுதான், வேலை வேறு. அது தண்ணீர் இல்லாமல் காய்ந்த தழையைத் தீப்பிடிக்காத சூட்டில், பெரும்பாலும் 180 முதல் 210 டிகிரிக்குள், வாட்டி வரும் ஆவியை நேரே உள்ளே இழுக்கும் கருவி. 2019-ல் வந்த மின்சிகரெட் தடைச் சட்டம் நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்க ஆவி உண்டாக்கும் மின்கருவியை மின்சிகரெட் என்றுதான் வரையறுக்கிறது, இதுவும் அதில் அடங்கும். இறக்குமதிக்கு முதல் தடவையே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மச்சானை ஏர்போர்ட்டில் மாட்டிவிடாதீங்க. தூதுவளையை ரசம் வையுங்க.

திருத்துறைப்பூண்டி: கரண்ட் போனா இன்வெர்டரில் போடலாமா?

தட்டு வகை 300 வாட் என்றால் கணக்கு எளிது. 100 மில்லி தண்ணீர் கொதிக்க இரண்டு மூன்று நிமிடம், பிறகு நிமிடத்துக்கு 8 மில்லி அளவு ஆவியாகும். பத்து நிமிடத்துக்கு 100 மில்லி போதும், நல்ல நிலையில் உள்ள வீட்டு இன்வெர்டர் தாங்கும். கம்பி வகையின் இழுப்பு தண்ணீரைப் பொறுத்து ஏறி இறங்கும், இன்வெர்டரில் வேண்டாம். 2018 கஜா புயல் மாதிரி நாள்கணக்கில் கரண்ட் போனால் இன்வெர்டரும் கைகொடுக்காது, அப்போது அடுப்பும் பாத்திரமும்தான்.

மயிலாடுதுறை: உள்ளே வெள்ளையாகப் படிஞ்சிருக்கு. கத்தியால் சுரண்டலாமா?

சுரண்டினால் தட்டின் மேல்பூச்சு போய்விடும். பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, ஒரு எலுமிச்சம்பழச் சாறோடு தட்டு மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு அரை மணி நேரம் ஊறவையுங்க. பிறகு பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து இரண்டு தடவை அலசுங்க. கம்பி வகையில் கருப்புக் குழாயை மட்டும் ஒரு டம்ளரில் ஊறவைக்கலாம், மூடியின் வயர் பக்கம் நனையக்கூடாது. கம்பியில் பச்சை பூத்திருந்தாலோ, வயர் நுழையும் இடத்தில் பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ கழுவிப் பயனில்லை, தூக்கிப்போடுங்க. ஒவ்வொரு தடவையும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வைத்தால் படிவு இவ்வளவு சேராது.