நீண்ட கூந்தலுக்குச் சீப்பு நல்லதா, பிரஷ் நல்லதா?

சிக்கு எடுக்க அகலப் பல் சீப்புதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிக்கெல்லாம் போன பிறகு, காய்ந்த முடியைப் படிய வைக்கவும் தலையில் சுரக்கும் எண்ணெயை நுனிவரை இழுத்துக் கொண்டுபோகவும் வேண்டுமானால் மென்மையான பிரஷ் போதும்.

முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளர்கிறது, அப்படியானால் இடுப்பு வரை வளர்ந்த முடியின் நுனிக்கு 4, 5 வயதாவது இருக்கும், அத்தனை வருட வெயிலிலும் உரசலிலும் அதன் மேலுறை தேய்ந்து போயிருக்கும். அதனால்தான் நுனியில் ஆரம்பித்து, சிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்துக்கொண்டே மேலே போகவேண்டும். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் எல்லாச் சிக்கும் ஒரே இடத்தில் இறுகி, அங்கேயே அறுந்துவிடும்.

தலைக்குக் குளித்த உடனே வாராதீர்கள். நனைந்த முடிக்குள் அதன் புரதத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்திருக்கும், இழுத்தால் நீளும், அப்புறம் அறும். சுருட்டை முடிக்காரர்களுக்கு மட்டும் இது மாறும்: அவர்கள் ஈரப்பதம் இருக்கும்போதே, கண்டிஷனர் போட்டு விரலாலோ சீப்பாலோ சிக்கெடுப்பதுதான் நல்லது.

தினம் 100 முறை வாரினால் முடி வளரும் என்பதை தயவுசெய்து நம்பாதீர்கள், உரசல்தான் அதிகமாகும்.

சீப்பில் முடி வந்தால் பயப்படவும் வேண்டாம், நாளுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. வந்த முடியின் ஒரு முனையில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது தானாக உதிர்ந்தது, இல்லாமல் துண்டு துண்டாக வந்தால் வாரும் விதத்தை மாற்றுங்கள்.