ஜன்னல் தொட்டி வாங்கும் முன் சுவரைப் பாருங்கள்

கேள்வி: இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். நாலடி அகல ஜன்னலுக்கு வெளியே நீளமான தொட்டி மாட்டிப் பூச்செடி வளர்க்க ஆசை. மாலை வெயில் நேராக அடிக்கும். தொட்டி விழுந்துவிடுமோ, சுவரில் ஈரம் இறங்குமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். எந்தத் தொட்டி வாங்கலாம், எப்படி மாட்டுவது?

பதில்: வீட்டில் பயப்படுவது நியாயம்தான். கடையில் காலித் தொட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, இவ்வளவுதானே என்று நினைத்துவிடுகிறோம். சுவர் தாங்கப்போவது நனைந்த மண்ணை. 90 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம் உள்ள தொட்டி 36 லிட்டர் கொள்ளும். தோட்டத்து மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் எடை 60 கிலோவைத் தொடும். தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்) சேர்ந்த கலவை என்றால் நனைந்த பிறகும் ஏறக்குறைய அதில் பாதிதான். மாடி ஜன்னலுக்கு இந்தக் கலவையே சரி.

தொட்டியும் எடை குறைவாக இருக்கட்டும். சுட்ட மண் தொட்டி கனம். உலோகம் மாலை வெயிலில் கொதித்து வேரை வாட்டும். மரம் பார்க்க அழகு, பராமரிப்பு அதிகம். உங்களுக்கு ஃபைபர் கிளாஸ், அல்லது புற ஊதாக் கதிரைத் தாங்கும் கெட்டியான பிளாஸ்டிக்கைச் சொல்வேன், அதுவும் வெளிர் நிறத்தில். ஆழம் 20 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். குறைந்தால் வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றி மாளாது.

அடுத்து, மாட்டுவது. இரும்பு பிராக்கெட்டைப் பூச்சில் மட்டும் திருகினால் நிற்காது, உள்ளே இருக்கும் செங்கலையோ கான்கிரீட்டையோ பிடிக்க வேண்டும். டிரில் போடும்போது வரும் தூளைக் கவனியுங்கள். முதலில் சாம்பல் நிறப் பூச்சுத் தூள், அப்புறம் சிவப்பாக வந்தால் செங்கல். திடீரென்று தடையில்லாமல் உள்ளே போனால் பொள்ளல் கல்லாக, அதாவது உள்ளே வெற்றிடம் உள்ள ஹாலோ பிளாக்காக இருக்கலாம். கான்கிரீட் என்றால் விரியும் ஆங்கர் போல்ட் போதும். பொள்ளல் கல்லில் அது பிடிக்காது. ரசாயனப் பசை ஊற்றிப் பதிக்கும் ஆங்கர் தேவை, அதற்கு ஆள் வைத்துக்கொள்வதே நல்லது. 90 செ.மீ. தொட்டிக்கு மூன்று பிராக்கெட், எல்லாத் திருகும் துருப்பிடிக்காத எஃகு. பிராக்கெட்டின் முன்முனை மேல்நோக்கி வளைந்திருக்கட்டும். போதாததற்குத் தொட்டியைப் பட்டையால் கட்டியும் வையுங்கள், காற்றுக்கு. கிரில்லில் தொங்கவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். மரச் சட்டத்தில் திருகிய கிரில் என்றால் நான் சம்மதிக்க மாட்டேன். ஜன்னல் கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால், செடி வளர்ந்த பிறகும் கதவில் இடிக்காத உயரம் பாருங்கள்.

சுவர் ஈரத்துக்கு வழி எளிது: தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் 3 செ.மீ. இடைவெளி. வடிதுளைகள் அடிப்பக்கம் வேண்டும், சுவரை ஒட்டிய பக்கம் வேண்டாம். துளை மேல் நைலான் வலைத் துண்டு போதும். அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது பரவலான நம்பிக்கை; உண்மை அதுவல்ல. மேலே உள்ள நுண்ணிய கலவை நன்றாக ஊறி நிரம்பும் வரை தண்ணீர் ஜல்லிக்கு இறங்காது. ஆக ஈரம் தேங்கும் அடுக்கு வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். எடையும் கூடும். கீழ்வீட்டுக்காரர் மேல் சொட்டாமல் இருக்கத் தட்டு வைத்தால், தண்ணீர் ஊற்றிய அன்றே அதைக் கொட்டிவிடுங்கள், கொசு வரும்.

அந்த வெயிலுக்கு மேசை ரோஜா, நித்தியகல்யாணி இரண்டும் தாங்கும். பெட்டூனியாவும் வரும், ஆனால் தண்ணீர் அதிகம் கேட்கும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். கலவை ஒரேயடியாகக் காய்ந்துவிட்டால் சுருங்கி ஓரத்தில் இடைவெளி விடும். தண்ணீர் அந்த வழியே ஓடி அடியில் சொட்டும், நடுவில் காய்ந்தேதான் கிடக்கும். அப்போது கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று தடவை ஊற்றுங்கள். அடிக்கடி வடிவதால் சத்தும் கூடவே போய்விடும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீர்த்த திரவ உரம் கொடுங்கள்.

ஆண்டுக்கொரு முறை தொட்டியை இறக்கிக் கலவையை மாற்றும்போது பிராக்கெட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினாலோ, திருகுக்குக் கீழே சுவரில் துருக் கோடு இறங்கியிருந்தாலோ, அதைச் சரிசெய்யாமல் தொட்டியைத் திரும்ப ஏற்றாதீர்கள்.