வாசகர் கேள்வி – பதில்: எலி தின்ற தராசு

கேள்வி: எனது பத்து வயது மகனுக்குப் பஞ்சதந்திரத்தில் வரும் இரும்புத் தராசுக் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும், "அம்மா, அந்த வணிகனும் பொய்தானே சொன்னான்? ஒரு பிள்ளையையும் ஒளித்து வைத்தான். பிறகு அவனை எப்படி நல்லவன் என்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டான். பொய் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளை வளர்க்கும் நாமே இத்தகைய கதைகளைச் சொல்வது முறையா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் மகனின் கேள்வி கதையின் மையத்தையே தொடுகிறது. கதையை அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். செல்வம் இழந்த வணிகன் ஒருவன், முன்னோர் விட்டுச்சென்ற கனமான இரும்புத் தராசை ஊர்ப் பெரிய செட்டியாரிடம் அடைக்கலமாக வைத்துவிட்டுப் பிறதேசம் போகிறான். திரும்பி வந்து கேட்டபோது, தராசை எலிகள் தின்றுவிட்டன என்று செட்டியார் கைவிரிக்கிறார். அவன் சண்டை பிடிக்காமல் அதை ஒப்புக்கொண்டு, ஆற்றில் நீராடப் போவதாகச் சொல்லிச் செட்டியாரின் மகனைத் துணைக்கு அழைத்துச் சென்று ஒரு குகையில் மறைத்து வைக்கிறான். பிள்ளையைப் பருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று வந்து சொல்கிறான். வழக்கு மன்றுக்குப் போகிறது. பருந்து பிள்ளையைத் தூக்குமா என்று நீதிபதிகள் கேட்க, எலி இரும்பைத் தின்னும் ஊரில் பருந்து பிள்ளையைத் தூக்காதா என்று அவன் திருப்பிக் கேட்கிறான். உண்மை வெளிவந்து, தராசும் பிள்ளையும் உரியவர்களிடம் சேர்கின்றன.

இங்கே இரண்டு பொய்கள் இருப்பது உண்மைதான். ஆனால் அவை ஒரே இனத்தவை அல்ல. செட்டியாரின் பொய் நம்பப்பட வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்டது. அதை எல்லோரும் நம்பினால்தான் தராசு அவரிடமே தங்கும். வணிகனின் பொய்யோ எவரும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தே சொல்லப்பட்டது. அது மன்றில் உடைந்தால்தான் அவனுக்கு நீதி கிடைக்கும், உடைகின்ற அதே கணத்தில் செட்டியாரின் பொய்யையும் தன்னோடு சேர்த்து உடைத்துவிடும். பணமும் சாட்சியும் ஆள்பலமும் இல்லாத ஒருவனிடம் எஞ்சியிருந்தது, வலியவன் சொன்ன சொல்லை அவன் மீதே சட்டமாக ஏற்றி வைக்கும் வழி ஒன்றுதான். அவன் தராசுக்கு மேல் ஒரு காசும் கேட்கவில்லை என்பதையும் மகனுக்குச் சுட்டிக்காட்டுங்கள். புத்திசாலிக்கும் பேராசைக்காரனுக்கும் உள்ள வேறுபாடு அந்த இடத்தில்தான் இருக்கிறது.

குகைக்குள் அடைக்கப்பட்ட பிள்ளையைப் பற்றி உங்கள் மகன் கவலைப்பட்டிருந்தால், அந்தக் கவலையைச் சமாதானம் சொல்லி அடக்கிவிடாதீர்கள். பிழை செய்தவர் தந்தை. அஞ்சி நடுங்கியது பிள்ளை. கதை அதைப் பேசாமல் கடந்து போகிறது, ஆனால் நாம் கடந்து போக வேண்டியதில்லை. வேறு எப்படி அந்தத் தராசை மீட்டிருக்கலாம் என்று அவனிடமே கேளுங்கள்.

இதனோடு சிங்கமும் முயலும் கதையையும் சேர்த்துச் சொன்னால், பேச்சு இன்னும் ஆழமாகும். நாளுக்கொரு விலங்காகத் தின்னும் சிங்கத்தின் மீது முறையிட அந்தக் காட்டில் எந்த மன்றும் இல்லை. ஆகவே முயலின் தந்திரம் சிங்கத்தைக் கிணற்றுக்குள் பாயச் செய்து, அதன் சாவில் முடிகிறது. தராசுக் கதையில் கேட்பதற்கு நீதிபதிகள் இருந்தார்கள், அதனால் ஒருவரும் சாகவில்லை. நீதி கேட்க இடமிருக்கும் ஊரில் அறிவு மென்மையாக வேலை செய்கிறது, இடமில்லாத ஊரில் அதே அறிவு கொடியதாக மாற நேர்கிறது என்று நான் இவ்விரண்டையும் அருகருகே வைத்து வாசிக்கிறேன்.

கேள்வி: எங்கள் தொடர்மாடியில் தமிழ், சிங்களப் பிள்ளைகள் ஒன்றாகவே விளையாடுகிறார்கள். மரியாதை ராமன், தெனாலி ராமன் கதைகளுக்கு இணையானவை சிங்களத்தில் உண்டா? பொதுவாகச் சொல்லக்கூடிய கதை எது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கொட்டாஞ்சேனை

பதில்: நிறையவே உண்டு, அவற்றுட் சில நம்முடைய அதே கதைகள்தாம். மேலே சொன்ன தராசுக் கதை, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் பௌத்த ஜாதகக் கதைகளில் 218ஆவதாக வருகிறது. அங்கே அடைக்கலப் பொருள் 500 கலப்பைக் கொழுக்கள். அவற்றை விற்றுக் காசாக்கிய நகர வணிகன், எலி தின்றதற்கு அத்தாட்சியாக அந்த இடத்தில் எலிப் புழுக்கையைத் தூவி வைக்கிறான். பேராசை எவ்வளவு சிரத்தையோடு சான்றுகளைத் தயாரிக்கும் என்பதை இந்த ஒரு விவரம் காட்டிவிடுகிறது. நீதி வழங்குபவர் போதிசத்துவர், அதாவது முற்பிறவியில் இருந்த புத்தர். ஜாதகக் கதைகள் 14ஆம் நூற்றாண்டில், குருணாகல் அரசின் காலத்தில், சிங்கள உரைநடையில் எழுதப்பட்டு, விகாரைப் பிரசங்கங்கள் வழியாக ஊர்தோறும் பரவின.

அத்தொகுதியில் உள்ள உம்மக்க ஜாதகத்தில் மகோசத பண்டிதர் என்னும் சிறுவர் தீர்க்கும் வழக்குகள், மரியாதை ராமன் கதைகளோடு வைத்துப் படிக்கத்தக்கவை. ஒரு குழந்தையைத் தாயும், அதைத் தின்ன எண்ணிய யட்சிணியும் உரிமை கோருகிறார்கள். மகோசதர் தரையில் கோடு கிழித்து, குழந்தையை அதன் மேல் கிடத்தி, தம் பக்கம் இழுத்தெடுப்பவருக்கே பிள்ளை என்கிறார். குழந்தை வலியால் அழுததும் கையை விட்டவளே தாய் என்று தெரிகிறது. விவிலியத்தில் சாலமோன் மன்னனின் தீர்ப்பாக வருவதும் இதற்கு மிக நெருங்கிய கதையே. கொட்டாஞ்சேனையில் கோவிலுக்கும் தேவாலயத்துக்கும் விகாரைக்கும் போகும் பிள்ளைகள் ஓரிடத்தில் இருந்து கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தான் வீட்டில் கேட்ட வடிவத்தைச் சொல்லட்டும்.

சிங்களப் பிள்ளைகள் மிகவும் விரும்பும் அந்தரே, தெனாலி ராமனைப் போல அரசவை விகடகவி. பாயில் காயவைத்திருந்த சீனியை மணல் என்று அரசர் சொல்ல, மனைவி இறந்துவிட்டதாக மகனை அழுதுகொண்டு ஓடிவரச் செய்து, "இனி நம் வாயில் மண்தான்" என்று புலம்பியபடி தந்தையும் மகனும் சீனியை அள்ளித் தின்ற கதை எல்லோரும் அறிந்தது. அரசரின் சொல்லை அரசரிடமே திருப்பிக் கொடுக்கும் அதே உத்தி இங்கும் இருக்கிறது. என்றாலும் இதில் அநீதி எதுவும் தீரவில்லை, ஆகவே இதை வேடிக்கைக் கதையாகவே நான் கொள்வேன்.

கேள்வி: மரியாதை ராமன், பீர்பால் ஆகியோர் உண்மையில் வாழ்ந்தவர்களா?
– மாணவி, தரம் 10, வத்தளை

பதில்: பீர்பால் அக்பரின் அவையில் இருந்தவர்; 1586இல் வடமேற்கு எல்லைப் போரில் உயிரிழந்தார். அவர் பெயரில் வழங்கும் கதைகளோ பெரும்பாலும் மக்கள் பிற்காலத்தில் இட்டுக் கட்டியவை. மரியாதை ராமனை வரலாற்று மனிதராக அல்லாமல், தமிழ் மக்கள் தங்களுக்கு வேண்டிய நீதிபதியைக் கற்பனையில் ஆக்கிக்கொண்ட உருவமாகப் பாருங்கள்.

கேள்வி: இக்கதைகளைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? கடைசியில் நீதியையும் விளக்க வேண்டுமா?
– இளம் தந்தை, பம்பலப்பிட்டி

பதில்: விளக்க வேண்டாம். தீர்ப்புக்குச் சற்று முன்னதாகக் கதையை நிறுத்திவிடுங்கள். உணவின் மணத்தை நுகர்ந்ததற்குக் காசு கேட்ட கடைக்காரனின் வழக்கைச் சொல்லும்போது, "நீங்கள் நீதவானாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டு, பிள்ளைகள் யோசிக்கும் வரை பொறுத்திருங்கள். காசைக் குலுக்கி அதன் ஓசையை விலையாகக் கொடுத்த பழைய தீர்ப்பை அதன் பிறகு சொல்லலாம். பிள்ளைகள் சொல்லும் தீர்ப்பு அதிலிருந்து வேறுபட்டால் திருத்தாதீர்கள். ஏன் அப்படித் தீர்த்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். கல்வீச்சுக்கும் கேலிக்கும் ஏழையோ ஊனமுற்றவரோ இலக்காகும் விகடக் கதைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அத்தகைய கதைகளில் கெட்டித்தனம் வலியவன் பக்கம் போய்ச் சேர்ந்துகொள்கிறது.